காஷ்மீர் வரை மிதித்தவர் கட்டுத்தறிக்குத் திரும்புவது எப்படி

நற்பணிக்கு நிதி திரட்டக் கன்னியாகுமரியில் புறப்பட்டு ஸ்ரீநகர் வரை சைக்கிள் மிதிக்கிறவர்கள், புறப்படுவதற்கு முன் ஆறு மாதம் ஆயத்தம் செய்கிறார்கள். எந்த ஊரில் இரவு தங்குவது, எத்தனை டியூப் எடுத்துக்கொள்வது, மழைக்கோட்டைப் பையின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது வரைக்கும் எழுதி வைத்திருப்பார்கள். ஊர் திரும்பிய பிறகு வரும் முதல் மாதத்துக்கு மட்டும் அவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. மாலை போட்டு, பட்டாசு வெடித்து, படம் பிடித்து முடிந்ததும் எல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடும் என்று நம்பிக்கொள்கிறார்கள். ஆகாது. அவிநாசிக்கும் ஊத்துக்குளிக்கும் இடையே ஒரு தோட்டத்துச் சாளையில் குடியிருந்துகொண்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் நான், ஒரு சிறப்புப் பள்ளிக்கு வேன் வாங்குவதற்காக நண்பர்கள் நால்வருடன் புரட்டாசியில் புறப்பட்டு, 38 நாளில் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் மிதித்து, ஐப்பசியில் திரும்பினேன். திரும்பிய பின் செய்த பிழைகளிலிருந்துதான் கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணம் முடித்தவருடைய களைப்பைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். அவர் இல்லாத நாட்களில் அவருடைய வேலையையும் சேர்த்துத் தூக்கியவர்களுடைய களைப்பைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி அவர்களை முன்னிட்டே எழுதப்பட்டது.

ரயிலில் ஏறும்போதே தொடங்குங்கள்

நேரமும் விடுப்பும் இடம் கொடுத்தால், திரும்புவதற்கு விமானத்தைத் தவிர்த்து ரயிலில் வாருங்கள். ஜம்மு பக்கத்துக் கத்ராவிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் ஹிம்சாகர் விரைவு ரயில் வாரத்துக்கு ஒருமுறைதான் புறப்படுகிறது என்றாலும், கோயம்புத்தூர் வழியாகச் செல்வதால் நம் பக்கத்தவர்களுக்கு வசதியானது. சைக்கிளை நிலையத்திலுள்ள பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்பலாம். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்பி, பின் கியரைச் சுற்றி அட்டை வைத்துச் சாக்கில் தைத்துவிடுங்கள். பெடலைக் கழற்றும்போது இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருப்பதை மறந்துவிட்டு முறுக்கினால் மரை கெட்டுவிடும்; எங்கள் குழுவில் ஒருவர் கடைசி நாளன்று அந்தப் பாடத்தையும் கற்றுக்கொண்டார்.

வழியில் ஏறத்தாழ மூன்று நாள் கிடைக்கும். அதைப் படம் பார்த்துக் கழித்துவிடாமல் இரண்டு காரியங்களை முடித்துவிட வேண்டும். வழியில் செய்த செலவுகளின் கணக்கை, சீட்டுகள் கையில் இருக்கும்போதே எழுதி முடிப்பது முதல் காரியம். சோறு போட்டவர்கள், திண்ணையில் படுக்க விட்டவர்கள், பஞ்சர் ஒட்டிக் காசு வாங்காதவர்கள் ஆகியோருடைய பெயரையும் ஊரையும் நினைவிலிருந்து எழுதிவைப்பது இரண்டாவது. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், பத்து நாளில் முகம் நினைவிருக்கும், ஊர் மறந்துபோகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பெட்டிக்குள் நடந்து வருவதும் அவசியம். தினமும் எட்டு மணி நேரம் இயங்கிய கால்கள் திடீரென்று முடங்கினால் கணுக்கால் இலேசாக வீங்கக்கூடும். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால், அது இரத்தக் கட்டியாக இருக்கலாம் என்பதால் இறங்கியவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வீட்டில் முதல் வாரம்

நான் மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு தாபாவில் ரொட்டி தின்றுகொண்டிருந்த நாளில், எங்கள் கிணற்று மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) எரிந்துபோயிருக்கிறது. என் மனைவி ஆள் பிடித்து மோட்டாரைக் கழற்றி, ஆட்டோவில் ஏற்றி அவிநாசிக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி, திரும்ப மாட்டி, இடையில் இரண்டு நாள் மாடுகளுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்திருக்கிறார். அந்த இரண்டு நாளும் இரவில் தொலைபேசியில் பேசியபோது, "எல்லாம் நல்லாருக்குதுங்க" என்றுதான் சொன்னார். ஊர் வந்த நான்காம் நாள் மேசை இழுப்பறையில் காயில் கட்டிய ரசீதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லி என்னங்க ஆவப்போவுது? நீங்க அங்கிருந்து வந்தா காயில் கட்டப் போறீங்க?" என்றார். அதற்கு முந்தைய மூன்று நாளும் ஜம்முவைத் தாண்டிப் பானிஹாலுக்கு முன்னால் வந்த ஏற்றத்தைப் பற்றி நான் அவரிடம் விவரித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதல் நாள் மாலை உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். வீட்டில் என்னென்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் மறுநாள் மீண்டும் கேளுங்கள். பிறகு, உங்களுக்காகப் பிறர் செய்த வேலைகளில் மிகக் கடினமானது எதுவோ அதை முழுவதுமாக உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூட நின்று உதவி செய்வது போதாது, ஏனென்றால் உதவி செய்கிறவருக்கு வேலை சொல்வதே ஒரு வேலையாகிவிடும். எங்கள் வீட்டில் அது விடியற்காலைப் பால் கறப்பு. பயணத்தில் நான்கு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு ஊருக்கு வந்தும் இரண்டு மூன்று வாரத்துக்கு அதே நேரத்தில்தான் விழிக்கும். விழித்துப் படுக்கையில் புரள்வதைவிட, கட்டுத்தறியைக் கூட்டி, பால் கறந்து, ஆறு மணிக்குள் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவது இருவருக்கும் நல்லது. எத்தனை நாள் வெளியில் இருந்தீர்களோ அத்தனை நாள் அந்த வேலை உங்களுடையது என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நீங்கள் இல்லாதபோது வீட்டுக்காரர்கள் தங்கள் வசதிக்கு ஏற்பச் சில ஏற்பாடுகளை மாற்றியிருப்பார்கள். தீவனம் வைக்கும் இடம், குளிக்கும் முறை வரிசை, பிள்ளைகள் படிக்கும் நேரம் எல்லாம் மாறியிருக்கும். அவற்றை வந்த வேகத்தில் பழையபடி மாற்றப் போகாதீர்கள். தவிட்டு மூட்டையைப் பழைய இடத்துக்கே நகர்த்திவைத்த குற்றத்துக்காக நான் இரண்டு வேளை யாருடனும் பேசாமல் சாப்பிட நேர்ந்தது. என் மனைவி அதை நகர்த்தியதற்குக் காரணம் எலி என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது.

இரவுக் காவலுக்கு வந்து தங்கியிருந்த மாமனாரையோ, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட மச்சானையோ வெறுங்கையுடன் அனுப்பக்கூடாது. காஷ்மீரில் அக்ரூட்டும் குங்குமப்பூவும் வாங்கும்போது படத்துக்குப் போஸ் கொடுத்த நண்பர்களைவிட இவர்களை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி முடிந்திருந்தால் நாட்டுக்கோழி அடித்து விருந்து வையுங்கள். என் மாமனார் சாப்பிட்டுவிட்டு, "மாப்பிள்ளை, அடுத்த தடவை போறதுக்கு முன்னால கிணத்து மோட்டாரை மாத்தீட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். பயணத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மதிப்புரைகளில் அதுவே சிறந்தது.

உடம்பு

நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் மிதிக்கும் ஒருவர், உடல் எடையையும் சாலையையும் பொறுத்து, அதற்கென்றே 2,000 முதல் 3,000 கலோரி வரை செலவழிக்கிறார். மிதிப்பது நின்ற அன்றே பசி நின்றுவிடுவதில்லை. இரண்டு வாரமாவது அதே பசி இருக்கும். வீட்டிலோ இளைத்துப்போய் வந்திருக்கிறார் என்று அரிசியும் பருப்பும் பொங்கி நெய்யைக் குழிகட்டி ஊற்றுவார்கள், ஒப்புட்டு சுடுவார்கள், தீபாவளியும் அந்த நேரம் பார்த்து வரும். பட்டினி கிடக்க வேண்டாம். சோற்றின் அளவை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கொள்ளுப் பருப்பையும் கீரையையும் முட்டையையும் கூட்டுங்கள். கொள்ளில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருப்பதால், தேய்ந்த தசைகள் சீராவதற்கும் அது உதவும்.

சைக்கிளை உடனே தூக்கிப் பரணில் போடுவது, மறுநாளே நூறு கிலோமீட்டர் மிதிப்பது ஆகிய இரண்டும் தவறு. மூன்று நான்கு நாள் நடை மட்டும் போதும். அதன் பிறகு முதல் வாரத்தில் அரை மணி நேரம், இரண்டாம் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முதல் 20 கிலோமீட்டர், மூன்றாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் வருகிறவருடன் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். முற்றிலும் ஓய்ந்துவிட்டால் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடுதலாகும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மூச்சுத் திறனும் குறைவது தெரியும். இதைப் பார்த்து மிரளத் தேவையில்லை, தசை வலிமை அவ்வளவு விரைவில் போவதில்லை.

இந்த இளைப்பாறும் மிதிக்கு நெடுஞ்சாலை வேண்டாம். 38 நாள் லாரிகளுடன் கிடந்த காதுக்குக் கீழ்பவானி வாய்க்கால் ஓரத்துச் சிற்றூர்ச் சாலைகளோ, பேரூரிலிருந்து சிறுவாணி மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலையோ பெரிய மருந்து. ஆனி, ஆடி மாதங்களில் ஊர் திரும்புகிறவர்கள் மட்டும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அந்த மேல்காற்று, எதிரே வந்தால் சமவெளியையே மலையேற்றமாக்கிவிடும். விடியற்காலையில் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, வெயில் ஏறிக் காற்று வலுக்கும்போது அதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரமரப்பு இருந்தால், ஹேண்டில்பாரின் மேல் பல நாள் சாய்ந்ததால் உள்ளங்கை வழியே செல்லும் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்கு விரலில் வலு குறைந்தாலோ, மரமரப்பு கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்கக்கூடாது. இருக்கையால் அடிப்பகுதியில் ஏற்படும் மரமரப்பையும் புண்ணையும் வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நம்மிடையே அதிகம். அவை குறையும் வரை சைக்கிளைத் தொடாதீர்கள், ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கணக்கு ஒப்படைப்பது

நிதிக்காகச் செய்த பயணம், கணக்கு ஒப்படைத்த நாளில்தான் முடிகிறது. நம் ஊரில் கல்யாண வீட்டுக் கூட்டம் கலைவதற்கு முன்பே மொய்நோட்டைக் கூட்டிச் சரிபார்த்துவிடுவார்கள். ஐம்பது ரூபாய் எழுதியவருக்கும் ஐயாயிரம் எழுதியவருக்கும் அதில் ஒரே அளவு வரிதான். அந்த ஒழுங்கை இங்கேயும் கடைப்பிடியுங்கள். வந்த பணம், வழிச்செலவு, பள்ளியிடம் ஒப்படைத்த தொகை என்று மூன்றையும் தனித்தனியே காட்டும் ஒரு பக்கக் கணக்கை, திரும்பிய 30 நாளுக்குள் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். வங்கி அறிக்கையையும் அறக்கட்டளை கொடுத்த ரசீதின் படத்தையும் அதனுடன் இணையுங்கள்.

வழிச்செலவைத் திரட்டிய நிதியிலிருந்து எடுக்கலாமா என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் எழும். முன்கூட்டியே அறிவித்திருந்தால் எடுப்பதில் குற்றமில்லை. அறிவிக்காமல் ஒரு டீக்குக்கூட எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி நொய்யல் வரை வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன், தன் வழியினர் யாரும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்த மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்ததாக ஈரோட்டுப் பக்கம் வழக்கு உண்டு. (அது பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளி, எங்கள் வெண்ணெய் ஊத்துக்குளி அல்ல.) அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், இரண்டு கணக்கையும் இரண்டு வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளும் அளவுக்காவது நாம் போகலாம்.

நன்கொடைக்குக் கிடைக்கும், 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிச்சலுகையைக் கேட்டுச் சிலர் வருவார்கள். அந்த ரசீதைப் பதிவு பெற்ற அறக்கட்டளைதான், கொடுத்தவர் பெயரில், வழங்க முடியும். உங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டு செல்லாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த நன்கொடைக்கும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கொடுத்தவர்களின் பெயர், முகவரி, பான் எண் அடங்கிய பட்டியலைப் பணத்துடன் சேர்த்தே அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டால், பின்னால் அலைச்சல் இருக்காது.

வேலையிடமும் ஊராரும்

ரயிலை விட்டு இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகாமல் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். போகும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் மாதத்தின் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக்கணக்குகளைத் தாக்கல் செய்யும் இரண்டு முடிவு நாட்களுக்கு முன்தினம் போய் நின்றால், வரவேற்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்களுக்குப் பதிலாக அவற்றைத் தாக்கல் செய்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அவருக்கு விடுப்பு வேண்டிய நாளில் நீங்கள் இருந்துகொள்வதாக வாக்குக் கொடுங்கள். முதல் வாரத்தில் தேங்கிய மின்னஞ்சல் அனைத்தையும் படிக்க முயலாதீர்கள். இன்னும் முடியாமல் இருப்பவை எவை என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாராட்டு விழாக்களுக்கு அழைப்பு வரும். இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவற்றிலும் பள்ளிக்கூடங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். பிள்ளைகளிடம் விடாமுயற்சியைப் பற்றிப் பேசுவதைவிட, மேடையிலேயே ஒரு டியூபைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டிக் காட்டினால் அவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். மற்ற இடங்களில் கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். டீக்கடையில் ஒரு பெரியவர், "ஏனப்பா, காஷ்மீருக்கு சைக்கிள்லயா போன? பஸ்சு இல்லையா?" என்று கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

இரண்டாம் வாரத்தில் ஒரு வெறுமை வரக்கூடும். பயணத்தில் ஒரு நாளைக்கு ஒரே வேலைதான். பொழுது சாய்வதற்குள் அடுத்த ஊரை அடைந்தால் அன்றைய நாள் வென்றது. வீட்டில் ஒரு நாளைக்கு நாற்பது வேலை, அவற்றில் பாதி மறுநாளும் மிச்சமிருக்கும். போதாததற்கு, தினமும் கிடைத்த வெயிலும் உழைப்பும் நண்பர் கூட்டமும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. இந்த நேரத்தில் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுப்பதுதான் பலரும் தேடிக்கொள்ளும் மருந்து. ஒரு மாதமாவது அதைத் தள்ளிப்போடுங்கள், வீட்டாரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உடன் மிதித்தவர்களுக்கும் இதே நிலைமை என்பதால், வாரம் ஒருமுறை அவர்களுடன் பேசுவதற்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளலாம். தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, எரிச்சல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

வண்டி

சாக்கைப் பிரித்தவுடன் சைக்கிளைக் கழுவுங்கள். வியர்வை உப்பு ஹேண்டில்பாரிலும் திருகுகளிலும் படிந்து துருவாகும். வாட்டர் வாஷ் கடையில் விட்டால் அழுத்தமான நீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீசைக் கரைத்துவிடும் என்பதால், வாளித் தண்ணீரும் துணியும் போதும். பிறகு ஓர் இரும்பு ஸ்கேலால் செயினை அளந்து பாருங்கள். அரை அங்குலக் கண்ணிகள் 24 சேர்ந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். சக்கரங்களுக்குக் கோட்டம் எடுப்பதையும் பிரேக் கட்டை மாற்றுவதையும் பழக்கமான கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.

பின்பக்கக் கேரியரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். பயணத்துக்கென்று வாங்கும் கேரியர்கள் பொதுவாக 25 கிலோ வரை தாங்கும். பத்து லிட்டர் பால் கேன் அதற்கு ஒரு பாரமே இல்லை. கேனுக்கு அடியில் பழைய டியூபை இரண்டாக மடித்து வைத்து, ரப்பர் கயிற்றைக் குறுக்காக இரண்டு சுற்றுக் கட்டி, மூடியைத் தனியாக ஒரு கயிற்றால் இறுக்குங்கள். சொசைட்டிக்குப் போகும் மண்பாதையில் முதல் இரண்டு நாள் மெதுவாகப் போங்கள். பயணப் பையைப் போலன்றி, பால் உள்ளே குலுங்குவதால், திருப்பத்தில் வண்டி ஒரு கணம் தாமதித்துத்தான் சாயும்.